ஓப்பன் ஃபில்டர் போட்டா ஸ்விஃப்ட் பறக்குமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஏர் இன்டேக், அதாவது என்ஜினுக்குள்ள காத்து போற வழி பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணே, 2015 ஸ்விஃப்ட் பெட்ரோல் செகண்ட் ஹேண்ட்ல வாங்கிருக்கேன். கம்பெனில இருந்து வந்த ஸ்டாக் ஃபில்டர் பாக்ஸ கழட்டி போட்டுட்டு கோன் ஃபில்டரும் (பெட்டி இல்லாம திறந்தபடி இருக்கற கூம்பு ஃபில்டர்) அலுமினியம் பைப்பும் போட்டா 10 பிஎச்பி ஏறும்னு ஒரு ஆக்சசரீஸ் கடைல சொல்றாங்க, 12,000 ரூபா கேக்கறாங்க. போடலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, 10 பிஎச்பி வராது. சத்தம் வரும், நல்லாவே வரும், ஆனா பவர் வேற விஷயம், அத கொஞ்சம் கணக்கு போட்டே பாத்துடலாம்.

உங்க வண்டில இருக்கறது 1,197 சிசி என்ஜின், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை 1.2 லிட்டர் காத்த இழுக்கும். 6,000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 3,600 லிட்டர், சிலிண்டர் எப்பவும் முழுசா ரொம்பாதுன்னு கழிச்சா கூட 3,000 லிட்டர், அதாவது செகண்டுக்கு ரெண்டு பெரிய வாட்டர் கேன் அளவுக்கு மேல. இவ்ளோ காத்து அந்த சின்ன பிளாஸ்டிக் பெட்டி வழியா போகுமான்னு உங்களுக்கு சந்தேகம் வர்றது நியாயம்தான். ஆனா கம்பெனி இன்ஜினியர் இதே கணக்க போட்டுத்தான் ஃபில்டர் பேப்பர மடிச்சு மடிச்சு வெச்சிருக்கான், அந்த மடிப்ப பிரிச்சு விரிச்சா பெட்டிய விட எத்தனையோ மடங்கு பெருசா இருக்கும். உங்க வண்டியோட 83 பிஎச்பி எடுக்கறதுக்கு வேண்டிய காத்து அதுல தாராளமா போகும்.

நான் சொல்றத நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்க. சில நூறு ரூபாய்க்கு வண்டியோட கம்ப்யூட்டர் ரீடிங்க ஃபோனுக்கு அனுப்பற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் கிடைக்குது, ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கற சாக்கெட்ல சொருகி ஃபோன்ல ஆப் போட்டுக்கங்க. சாவிய ஆன் பண்ணி, என்ஜின ஸ்டார்ட் பண்ணாம, மேனிஃபோல்டு பிரஷர் (சிலிண்டருக்கு காத்த பிரிச்சு விடற குழாய்க்குள்ள இருக்கற அழுத்தம்) எவ்ளோன்னு பாருங்க, அத அளக்கற மேப் சென்சார் இருக்கற வண்டில இந்த ரீடிங் வரும். அது அப்ப வெளிய இருக்கற காத்தழுத்தம். கோவை கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சொச்சம் உயரத்துல இருக்கறதால 96, 97 கிலோபாஸ்கல் காட்டும், சென்னைல 100, 101. இப்ப ஆள் நடமாட்டம் இல்லாத நல்ல ரோட்ல, பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சு ஃபோன அவர் கைல குடுத்துட்டு, ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு 5,500 வரைக்கும் போங்க. அந்த நேரத்துல 94 காட்டுச்சுன்னு வெச்சுக்குவோம், 96-ல இருந்து 2 கம்மி. அதாவது ஃபில்டர், பைப், த்ராட்டில் பாடி (ஆக்சிலேட்டர மிதிச்சா திறக்கற காத்து வாசல்) எல்லாம் சேந்து தடுக்கறதே மொத்தம் 2 சதவீதம்தான். அத்தன தடையையும் மாயமா எடுத்துட்டா கூட 83-ல 2 சதவீதம், ஒண்ணரை பிஎச்பி சொச்சம். அதுக்கு மேல எங்க இருந்து வரும், சொல்லுங்க.

இதுக்கு மேல ஒரு நஷ்டமும் இருக்கு, இதத்தான் நான் முக்கியமா சொல்ல வர்றேன். உங்க ஸ்டாக் பெட்டிக்கு ஒரு மூக்கு இருக்கும், அது ரேடியேட்டருக்கு மேல, கிரில் பக்கமா நீட்டிட்டு வெளிக்காத்த எடுக்கும். அத கழட்டிட்டு கோன் ஃபில்டர பானெட்டுக்குள்ள தொங்க விட்டா அது இழுக்கறது என்ஜின் சூட்டுல வெந்த காத்து. வெளிய 33 டிகிரி, காந்திபுரம் சிக்னல்ல நின்னு நின்னு போகும்போது பானெட்டுக்குள்ள 63 டிகிரின்னு வெச்சு பாத்தா, அதே ஒரு லிட்டர் காத்தோட எடை 9 சதவீதம் குறையுது. பவர் அதே அளவுக்கு முழுசா குறையாது, பாதி குறைஞ்சாலே மூணரை பிஎச்பிக்கு மேல போச்சு. போதாததுக்கு சூடான காத்துல என்ஜின் நாக் ஆக (கலவை தப்பா வெடிச்சு தட்ட) பாக்கும், என்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டரான ஈசியு அத தடுக்க இக்னிஷன, அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரத்த, பின்னாடி தள்ளும், அதுலயும் கொஞ்சம் போகும். ஹைவேல 80, 90ல போகும்போது பானெட்டுக்குள்ள காத்து ஓடி சூடு இறங்கிடும், அங்க இந்த நஷ்டம் அவ்ளோ இருக்காதுங்கறதையும் சொல்லிடணும். ஆனா நாம எல்லாம் அதிகமா ஓட்டறது சிக்னலுக்கு சிக்னல்தானே.

அதே டாங்கிள்ல இன்டேக் ஏர் டெம்பரேச்சர்னு ஒரு ரீடிங் வரும், அத இன்னிக்கே ஸ்டாக் பெட்டியோட ஒரு தடவ சிட்டில, ஒரு தடவ அவினாசி ரோட்ல பாத்து எழுதி வெச்சுக்கங்க. யாராவது ஃப்ரெண்டு வண்டில கோன் ஃபில்டர் இருந்தா அதுலயும் பாருங்க. அப்புறம் 12,000 குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல ஓடற வண்டில எல்லாம் மாத்தறாங்களேன்னு கேப்பீங்க. அங்க இன்டேக்க மட்டும் தனியா மாத்தறதில்ல, கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் ஹெடர், ஈசியு மேப் எல்லாம் சேத்து மாத்தி 7,000-க்கு மேல சுத்த விடறாங்க, அந்த என்ஜின அடிக்கடி பிரிச்சும் பாக்கறாங்க. உங்க வண்டி லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட வேண்டிய வண்டி. ஆசைக்கு ஏதாவது பண்ணித்தான் ஆகணும்னா அதே பெட்டிக்குள்ள உக்கார்ற பேனல் டைப் ஃபில்டர் போடுங்க, மூக்கு இருந்த இடத்துலயே இருக்கும், குளிர்ந்த காத்தும் வரும், பிடிக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல கழட்டிடலாம்.

கேள்வி: நான் கிட் வாங்கிட்டேன், திருப்பி குடுக்க முடியாது. வீட்லயே மாட்டிக்கலாம்னு இருக்கேன். எதெல்லாம் கவனிக்கணும்? (திருச்சி)

வாங்கியாச்சுல்ல, அப்ப ஒழுங்கா மாட்டுவோம். மொத வேல, கழட்டற ஸ்டாக் பெட்டி, மூக்கு, கிளாம்பு, போல்ட் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு பத்திரமா எடுத்து வைங்க, பழைய சாமான்காரருக்கு போட்றாதீங்க, நாளைக்கு விக்கும்போதோ எஃப்சிக்கு போகும்போதோ தேவைப்படும். கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக்கங்க, எந்த ஹோஸ் எங்க போச்சுன்னு அப்புறம் ஞாபகம் இருக்காது. என்ஜின் ஆறி இருக்கணும், பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க. பெரும்பாலும் 10 எம்எம் சாக்கெட்டும் ஸ்க்ரூ டிரைவரும் போதும், சென்சார் ஸ்க்ரூ சில வண்டில ஸ்டார் டைப்பா இருக்கும்.

பெட்டிய எடுத்ததும் த்ராட்டில் பாடியோட வாய் திறந்து கிடக்கும், அத உடனே ஒரு சுத்தமான துணியால அடைச்சிடுங்க. ஒரு சின்ன வாஷரோ நட்டோ உள்ள விழுந்தா நேரா சிலிண்டருக்குள்ள போயிடும், கடைசில துணிய எடுக்க மறந்துடாதீங்க.

அடுத்தது என்ஜினோட மேல்மூடியான வால்வு கவர்ல இருந்து வர்ற ப்ரீத்தர் ஹோஸ். நெறைய பேர் இத அப்படியே விட்டுடறாங்க, இல்ல ஒரு குட்டி ஃபில்டர அதுல சொருகிடறாங்க. அது என்ஜினுக்குள்ள இருந்து வர்ற ஆயில் புகைய திரும்ப இன்டேக்குக்கே அனுப்பற வழி, அதே வழியா ஃபில்டர் ஆன சுத்தமான காத்தும் உள்ள போகும். புது பைப்ல அதுக்குன்னு ஒரு நிப்பிள் இருக்கணும், அது ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கணும். நிப்பிள் இல்லாத கிட்டா இருந்தா அது உங்க வண்டிக்கு செஞ்ச கிட் இல்ல, அத மாட்டவே வேண்டாம்.

என்ஜின் அதோட மவுண்ட்ல ஆடும், பாடி ஆடாது. மெட்டல் பைப்ப ரெண்டுலயும் இறுக்கி கட்டினீங்கன்னா எங்கயோ ஒரு இடத்துல விரிசல் விடும். அதனால த்ராட்டில் பக்கம் சிலிக்கான் கப்ளர் (வளையற இணைப்புக் குழாய்), பாடி பக்கம் பிராக்கெட்ல ரப்பர் புஷ், ரெண்டும் கட்டாயம். கிளாம்ப ரொம்ப இறுக்கினா சிலிக்கான் அறுந்துடும், பைப்ப கையால திருப்பினா திரும்பக்கூடாது, அவ்ளோ இறுக்கினா போதும். பானெட் இடிக்குதான்னு தெரிய, பசங்க விளையாடற களிமண்ண உருட்டி ஃபில்டர் மேல வெச்சு பானெட்ட மெதுவா மூடி திறங்க, எவ்ளோ நசுங்கிருக்குன்னு பாத்தா இடைவெளி தெரிஞ்சிடும். ஒரு சென்டிமீட்டராவது இருக்கணும். வயரிங் எதுவும் பைப்ல உரசாம டை போட்டு கட்டிடுங்க.

கோன் ஃபில்டர சுத்தி ஹீட் ஷீல்டு இல்லாம போடாதீங்க. கிட்ல குடுக்கற ஷீல்டு பாதிக்கு மேல வெறும் அலங்காரம்தான், அது மூணு பக்கம் மறைச்சு, பானெட் மூடினதும் மேல ரப்பர் பீடிங் ஒட்டி, முன்னாடி கிரில் பக்கம் மட்டும் திறந்திருக்கற மாதிரி இருக்கணும். அந்த பழைய மூக்க வெட்டி எறியாம இந்த ஷீல்டுக்குள்ள விட முடிஞ்சா ரொம்ப நல்லது.

மாட்டி ஐநூறு கிலோமீட்டர் ஓடின பிறகு பைப்ப கழட்டி உள்பக்கம் ஒரு வெள்ளத் துணிய விட்டு தொடச்சு பாருங்க. துணி வெள்ளையா வந்தா சரி. செம்மண் கலர்லயோ சாம்பல் கலர்லயோ நறநறன்னு ஏதாவது ஒட்டிட்டு வந்தா ஃபில்டர் தூசிய விடுது, இல்ல ஜாயின்ட்ல எங்கயோ இழுக்குது, அன்னிக்கே ஸ்டாக் பெட்டிய திரும்ப மாட்டிடுங்க. ரோட்டு தூசில பாதி மணல்தான், அது சிலிண்டர் சுவர்லயும் ரிங்லயும் உப்புத்தாள் போட்டு தேய்க்கற வேலைய பண்ணும், ஆயில் குடிக்க ஆரம்பிச்சப்புறம் எந்த ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: பெரிய பைப் இன்டேக் போட்டேன், ரெண்டு வாரத்துல செக் என்ஜின் லைட் எரியுது, ஸ்கேன் பண்ணா பி0171னு வருது. மெக்கானிக் ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்ங்கறார். (மதுரை)

சென்சார் வாங்கிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. பி0171னா காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்ல, கலவை லீன்னு அர்த்தம். பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் ஒழுங்கா வேல செய்யறதாலதான் அத கண்டுபிடிச்சு சொல்லுது.

ஃபில்டர தாண்டினதும் பைப்ல வயரோட ஒரு சென்சார் இருந்தா அது மாஃப் சென்சாரா இருக்கலாம், போற காத்தோட எடைய அளக்கறது. அத ஒரு குறிப்பிட்ட அகலத்து பைப்புக்குன்னே செட் பண்ணிருப்பாங்க. 60 எம்எம் இருந்த இடத்துல 70 எம்எம் பைப் போட்டா, அதே அளவு காத்து போனாலும் அதோட வேகம் கால்வாசிக்கு மேல குறைஞ்சிடும், சென்சார் காத்து கம்மின்னு நெனச்சு சொல்லும், ஈசியு பெட்ரோல குறைக்கும், வண்டி லீனா ஓடும். ஈசியு அத கண்டுபிடிச்சு ஃபியூவல் ட்ரிம்ல, அதாவது பெட்ரோல் அளவ திருத்தற கணக்குல, கூட்டி கூட்டி சமாளிக்கும், ப்ளஸ் 20, 25 சதவீதத்த தாண்டினா பொதுவா லைட்ட போட்டுடும்.

ஆயில் போட்ட காட்டன் ஃபில்டரா இருந்தா இன்னொரு காரணமும் இருக்கு. கழுவிட்டு ஆயில அதிகமா ஊத்தினா அது காத்தோட போய் சென்சாருக்குள்ள இருக்கற மெல்லிசு கம்பில படியும், அப்பவும் இதே கதைதான். மாஃப் சென்சாருக்குன்னே ஸ்ப்ரே இருக்கு, அத மட்டும் அடிச்சு தானா காய விடுங்க, கம்பிய தொடாதீங்க, கார்புரேட்டர் க்ளீனர் அடிக்காதீங்க. மொதல்ல ஸ்டாக் பைப்ப திரும்ப போட்டு அந்த பி0171 கோட அழிச்சுட்டு கொஞ்ச நாள் ஓட்டி ட்ரிம் ரீடிங் பாருங்க. அது பூஜ்யத்துக்கு பக்கம் வந்துடுச்சுன்னா எது பிரச்சனைன்னு தெரிஞ்சு போச்சு.

கேள்வி: கோல்டு ஏர் இன்டேக்னு ஒண்ணு, பைப் கீழ பம்பருக்குள்ள ஃபாக் லேம்ப் கிட்ட வரைக்கும் போகுது. அது சூடான காத்த எடுக்காதுல்ல? (வேளச்சேரி)

எடுக்காது, சூடு விஷயத்துல அது நல்ல டிசைன்தான். ஆனா நீங்க இருக்கறது வேளச்சேரி. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பாத்த ஊர்ல ஃபில்டர தரைல இருந்து ஒரு அடில வெக்கறதுக்கு நான் சரின்னு சொல்லவே மாட்டேன். தேங்கின தண்ணிக்குள்ள வண்டி போகும்போது முன்னாடி ஒரு அலை எழும்பும், முழங்கால் தண்ணியா இருந்தாலும் பம்பர் கிட்ட அது இன்னும் மேல ஏறும். ஃபில்டர் முழுகிடுச்சுன்னா என்ஜின் காத்துக்கு பதிலா தண்ணிய இழுக்கும். ஸ்விஃப்ட் மாதிரி 1.2 லிட்டர் என்ஜின்ல பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது ஒரு சிலிண்டர்ல மிச்சம் இருக்கற இடம் 30 சிசி சொச்சம்தான், ரெண்டு டேபிள்ஸ்பூன். அதுக்கு மேல தண்ணி போனா தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். இதுக்கு பேருதான் ஹைட்ரோலாக்.

சாதாரண இன்சூரன்ஸ் பாலிசில இத பொதுவா சேக்கறதில்ல, என்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா ஆட்-ஆன் எடுத்திருக்கணும். எந்த ஃபில்டர் போட்டிருந்தாலும் சரி, தண்ணில வண்டி நின்னு போச்சுன்னா திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க, தயவு செஞ்சு. தள்ளி ஓரமா நிறுத்துங்க, டோ பண்ணி கொண்டு போய் ஃபில்டர் நனைஞ்சிருக்கான்னு பாத்து, ஸ்பார்க் ப்ளக்க கழட்டி தண்ணிய வெளிய எடுத்த பிறகுதான் க்ராங்க் பண்ணணும். அதுக்குள்ள ஒரு தடவ செல்ஃப் அடிச்சதுல போன என்ஜின்தான் அதிகம்.

கேள்வி: எங்க ஊர்ல சிமென்ட் தூசி ஜாஸ்தி. சர்வீஸ்ல ஒவ்வொரு தடவையும் ஃபில்டர ஏர் அடிச்சு திரும்ப போட்டுடறாங்க. கழுவற டைப் ஃபில்டர் வாங்கிட்டா செலவு மிச்சமா? (அரியலூர்)

உங்க ஊருக்கு பேப்பர் ஃபில்டர்தான் சரி, கண்ண மூடிட்டு அதையே போடுங்க. பெரிய பிரஷர்ல ஏர் அடிக்கும்போது பேப்பர்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை விழும், அப்புறம் அது பாக்க சுத்தமா இருக்கும், தூசிய உள்ள விட்டுட்டே இருக்கும். அடிச்சே ஆகணும்னா சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்கு பக்கமா, தூரமா பிடிச்சு, லேசா. பேப்பர் ஃபில்டர தண்ணில கழுவவே கூடாது. மேனுவல்ல மாத்த சொல்லி போட்டிருக்கற கிலோமீட்டர்ல பாதில மாத்திடுங்க, சில நூறு ரூபாதான். மாத்தும்போது பெட்டிக்கு உள்ள இருக்கற தூசிய ஈரத்துணியால தொடச்சுட்டு, ஃபில்டரோட ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் சரியா உக்காந்திருக்கான்னு விரல வெச்சு தடவி பாருங்க. அத சரியா பண்ணாம கிளிப்ப அழுத்தி மூடற கடை நெறைய.

கேள்வி: போலீஸ், ஆர்டிஓ, இன்சூரன்ஸ் – பிரச்சனை வருமா? (சேலம்)

வர வாய்ப்பு இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துல பிரிவு 52 வண்டிய இஷ்டத்துக்கு மாத்தறத தடுக்குது, 2019-ல உச்ச நீதிமன்றமும் ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். பெட்டிக்குள்ள உக்கார்ற பேனல் ஃபில்டர் வேற, பெட்டியவே தூக்கிட்டு சத்தம் போட விடறது வேற. இன்சூரன்ஸ்காரங்க கிட்ட மாத்தினத எழுத்துல சொல்லிடுங்க, சொல்லாம விட்டா க்ளெய்ம் அன்னிக்கு அதையே காரணமா காட்டலாம். வாரன்டி இருக்கற வண்டின்னா கை வெக்காதீங்க.

கேள்வி: இன்டேக் மாத்தினா மைலேஜ் கூடுமா? (ஈரோடு)

கூடாது. மைலேஜ் பாக்கற மாதிரி ஓட்டும்போது ஆக்சிலேட்டர பாதிக்கு கீழதான் மிதிக்கறீங்க, அப்ப த்ராட்டில் தட்டே காத்த தடுத்துட்டு இருக்கு, அதுக்கு முன்னாடி ஃபில்டர் எப்படி இருந்தா என்ன. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் நேஷனல் லேப் 2009-ல ஃபில்டர வேணும்னே அடைச்சு டெஸ்ட் பண்ணாங்க, இப்ப இருக்கற ஃபியூவல் இன்ஜெக்ஷன் கார்ல மைலேஜ் மாறல, பிக்கப்தான் குறைஞ்சுது. டயர்ல காத்து சரியா வெச்சாலே இத விட அதிகம் மிச்சம் ஆகும்.

கேள்வி: ஊட்டி ஏறும்போது என் ஆல்டோ இழுக்கவே மாட்டேங்குது, ஃபில்டர் மாத்தியும் அப்படியேதான். (மேட்டுப்பாளையம்)

ஃபில்டர் மேல தப்பு இல்லைங்க. ஊட்டி 2,240 மீட்டர், அங்க காத்தழுத்தமே 77, 78 கிலோபாஸ்கல்தான், சமவெளில இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம். டர்போ இல்லாத எந்த என்ஜினும் அங்க அஞ்சுல ஒரு பங்கு பவர இழந்துதான் ஆகணும், எந்த ஃபில்டராலயும் அத திருப்பி தர முடியாது. பர்லியார் தாண்டினதும் ஏசிய ஆஃப் பண்ணிட்டு, மூணாவது கியர்ல திணற விடாம ரெண்டாவதுக்கு மாத்தி 3,000 ஆர்பிஎம்க்கு மேல வெச்சு ஏறுங்க, இறங்கும்போதும் அதே கியர்லயே இறங்குங்க, பிரேக் அவ்ளோ சூடாகாது.